நேத்து ராத்திரி தூங்கினியா?

'மனநலம்'ங்கிற வார்த்தையை எங்க ஊர்ல யாரும் வாயால சொல்லி நான் கேட்டதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவத்துல எழுதிப் போட்டிருப்பாங்க, அதுல பார்த்ததுதான். அதுக்காக மனசு படுற பாட்டைச் சொல்ல எங்ககிட்ட வார்த்தையே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. நிறைய இருக்கு. "சோறு இறங்க மாட்டேங்குது." "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." "கை காலெல்லாம் விட்டுப்போன மாதிரி இருக்கு." "வயித்துக்குள்ள என்னமோ உருளுது." "எதுலயும் பிடிப்பு இல்லை."

கவனிச்சீங்களா? எல்லாமே உடம்பைப் பத்தின பேச்சு. எங்க பக்கம் மனசு நேரடியா பேசாது, உடம்பு வழியாத்தான் பேசும். அதனால அந்த ஆளும் மெடிக்கல்ல போய் வாயு மாத்திரை வாங்கிப் போடுவார். சத்து ஊசி போட்டுக்குவார். சில பேர் மந்திரிச்சுக் கயிறு கட்டிக்குவாங்க. இந்தப் பக்கம் "ஒண்ணுமில்லை, அசதி"ன்னு ஒரு கரை. அந்தப் பக்கம் "பைத்தியம்"னு ஒரு கரை. நடுவுல இருக்கிற அத்தனை பெரிய நிலத்துக்கு எங்க ஊர்ல பட்டாவும் கிடையாது, பேரும் கிடையாது. நிறைய பேர் அங்கதான் தனியா நிக்கிறாங்க.

பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் பட்டணத்துலேருந்து வர்ற சொந்தக்காரங்க தோப்புல கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிட்டு, "உங்களுக்கு என்ன சித்தப்பா, சுத்தமான காத்து, டென்ஷனே இல்லாத வாழ்க்கை"ம்பாங்க. காத்து சுத்தம்தான், இல்லைங்கலை. அந்தக் காத்துதான் 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயலா வந்து, எங்க பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துத் தோப்பையெல்லாம் ஒரே ராத்திரியில படுக்க வச்சுட்டுப் போனது.

அந்தப் புயல்ல எத்தனை மரம் விழுந்துச்சு, எவ்வளவு நிவாரணம் வந்துச்சுன்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க. மரம் விழுந்ததுக்கு அப்புறம் மனுஷங்களுக்கு என்ன ஆச்சு, அதுக்கு எங்க ஊர் என்ன செஞ்சுதுங்கிறதை நான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்.

எங்க பக்கம் தென்னங்கன்னைத் 'தென்னம்பிள்ளை'ன்னுதான் சொல்வோம். பேச்சுக்குச் சொல்றதில்லை. நெட்டை ரகம் வச்சா காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் தண்ணி ஊத்தி, எரு வச்சு, வண்டு எடுத்து, மாடு கடிக்காம வேலி கட்டி வளர்க்கணும். காய்க்க ஆரம்பிச்சா அறுபது வருஷத்துக்கும் மேல சோறு போடும். அப்பா வச்ச மரத்துல மகன் வெட்டு வெட்டி, பேரன் கல்யாணம் பண்ணுவான். நெல்லுன்னா ஒரு போகம் போனா அடுத்த போகம்னு மனசைத் தேத்திக்கலாம். தென்னை போனா ஒரு தலைமுறையே போன மாதிரி. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அறிவிச்சுது. அந்த நேரத்துல அது பெரிய உதவிதான். ஆனா முப்பது வருஷத்து மரத்துக்கு யாரால சரியான விலை போட முடியும்?

என் பெரியப்பா மகன் ஒருத்தர் இருக்கார். எனக்கு ஆறு வயசு மூத்தவர். பேர் வேண்டாம், அண்ணன்னே சொல்றேன். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். "எழுதுடா. பேரை மட்டும் போடாதே. எவனோ ஒருத்தனுக்கு உதவுனா சரி"ன்னார்.

அண்ணனுக்கு மூணு ஏக்கர் தோப்பு. ஏக்கருக்கு 70 மரம் கணக்குல 210 மரம் நின்னுச்சு. புயலுக்கு மறுநாள் எண்ணிப் பார்த்தா நிமிர்ந்து நின்னது பதினொண்ணு. மத்த எல்லாரும் அழுதாங்க, கத்தினாங்க, ரோட்டை மறிச்சாங்க. அண்ணன் ஒண்ணும் பண்ணலை. அதிகாரிங்க கணக்கெடுக்க வந்தப்பகூட எழுந்து வரலை. கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு ஓட்டையே பார்த்துக்கிட்டிருந்தார்.

முதல் வேலையா ஊர்ல எல்லாரும் சேர்ந்து மரத்தை அறுத்து அள்ள ஆரம்பிச்சோம். கூலிக்கு ஆள் கிடைக்கலை, கிடைச்சாலும் கொடுக்கக் கையில காசில்லை. கரண்ட் வரவே பல நாள் ஆச்சு. அதனால இன்னிக்கு உன் தோப்பு, நாளைக்கு என் தோப்புன்னு முறை வச்சோம். வாடகைக்கு ரெண்டு மெஷின் ரம்பம். ஒரே இடத்துல சமையல். இப்ப யோசிச்சா அந்தச் சமையல்தான் பாதி ஊரைக் காப்பாத்துச்சுன்னு தோணுது. தனித்தனியா வீட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தவங்க, இலையைப் போட்டு வரிசையா உட்கார்ந்தாங்க. "உனக்கு எத்தனை போச்சு?" "எனக்கு நூத்தி எம்பது." "எனக்கு முன்னூறு." பக்கத்து இலையிலயும் அதே துக்கம் உட்கார்ந்திருக்குன்னு தெரிஞ்சா பாரம் கொஞ்சம் இறங்கும் பாருங்க, அது இறங்குச்சு. ஆனா அண்ணன் மட்டும் அந்தப் பந்திக்கு வரலை.

விஷயம் வெளியில வந்தது பெண்கள் மூலமாத்தான். எங்க வீட்டம்மாவும் அண்ணியும் நூறு நாள் வேலைக்கு ஒண்ணாப் போறவங்க. ஏரிக்கரையில மண்ணு வெட்டுற இடத்துல அண்ணி அழுதிருக்காங்க. "அவரு தூங்குறதே இல்லை தங்கச்சி. நடுராத்திரியில எந்திரிச்சுத் தோப்புக்குப் போயிடறாரு. தேடிக்கிட்டுப் போனா, மரம் புடுங்கின குழியில உக்காந்திருக்காரு."

அன்னிக்குச் சாயங்காலம் கடப்பாறை இரவல் கேக்குற சாக்குல அவர் வீட்டுக்குப் போனேன். எங்க ஊர் ஆம்பளைங்ககிட்ட போய் "மனசு எப்படி இருக்கு?"ன்னு கேட்க முடியாது. கேட்டா "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்"ம்பாங்க. "சாப்பிட்டியா?"ன்னு கேக்குறதும் வேலைக்காகாது. அது வணக்கம் சொல்ற மாதிரி, பட்டினி கிடக்கிறவனும் "ஆச்சு"ம்பான். அதனால, "நேத்து ராத்திரி தூங்கினியாண்ணே?"ன்னு கேட்டேன்.

ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. நானும் எழுந்திரிக்கலை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு வந்து அண்ணி நிலையில சாஞ்சு நின்னாங்க. அப்புறம், "தூங்கி நாப்பது நாளாச்சுடா"ன்னார். அதுக்கப்புறம் நிறுத்தலை. ஒரு மணி நேரம் பேசினார். நான் பாதிக்கு 'ம்' கொட்டினேன், பாதிக்கு அதுவும் இல்லை.

பேச்சுல மரம் கொஞ்சந்தான் வந்துச்சு, மொய்தான் நிறைய வந்துச்சு. எங்க பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்து பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆடி மாசம் பந்தல் போட்டு, கிடா வெட்டி, கறிச்சோறு போடுவாங்க. வர்றவங்க மொய் எழுதுவாங்க. அதை நோட்டுல ஏத்திக்கணும். அவங்க விருந்து வைக்கிறப்ப அதைத் திருப்பி எழுதணும், முடிஞ்சா மேல புதுசாவும் எழுதணும். ஒருத்தர் வச்சா பொதுவா அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் மறுபடி வைக்கலாம். பேங்க் போகாம, வட்டி கட்டாம, பெரிய தொகையை ஒரே நாள்ல கைக்குக் கொண்டு வர்ற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். போர் போட்டவங்க, வீடு கட்டினவங்க, பொண்ணு கட்டிக் கொடுத்தவங்க எத்தனையோ பேர். ஆனா அதுக்கு ஈடு நிலமோ நகையோ இல்லை, மானம்தான். திருப்பி எழுத முடியலைன்னா போலீஸ் வராது, ஆனா டீக்கடைப் பக்கம் தலை காட்ட முடியாது.

அண்ணன் மொய் வாங்கித்தான் போர் போட்டு, சொட்டுநீர் பைப் இழுத்திருந்தார். 45 நாளைக்கு ஒரு வெட்டுல வர்ற காசை நம்பித்தான் அத்தனை பேருக்கும் திருப்பி எழுதணும். வெட்டே இல்லைன்னா? வர்ற ஆடியில யார் யார் விருந்து வைப்பாங்கன்னு ராத்திரி பூரா நோட்டை மனசுக்குள்ளயே புரட்டிக்கிட்டிருந்திருக்கார். ஊருக்கு அது 'சோம்பேறித்தனமாப் படுத்துக்கிடக்கிறார்'னு தெரிஞ்சுது. அவருக்குள்ள ஒரு நிமிஷம்கூட ஓய்வில்லை.

இது அண்ணன் ஒருத்தர் பாடு இல்லைன்னு கொஞ்சம் விசாரிச்சதும் தெரிஞ்சுபோச்சு. ஊர்ல பெரியவங்க நாலு பேரைப் பார்த்துப் பேசினோம். அய்யனார் கோயில் திடல்ல ஊர்க்கூட்டம் போட்டு ஒரு முடிவு எடுத்தாங்க. தோப்பு போனவங்க மொய்யை முடியுறப்ப செய்யட்டும். ரெண்டு ஆடிக்கு யாரும் வாசல்ல போய் நிக்கக் கூடாது, சந்தியில வச்சும் கேக்கக் கூடாது. ஒரு பெரியவர் எழுந்து, "மொய்யி ஆளைத் தூக்கி விடத்தான்யா வச்சோம், படுக்க வைக்க இல்லை"ன்னார். அதுக்கு மேல யாரும் மறுத்துப் பேசலை.

இங்க ஒண்ணு சொல்லணும். கடன் பாரம் இளகிச்சு, ஆனா தூக்கம் வரலை. நாங்க எல்லாரும் பிரச்சினை தீர்ந்துச்சு, இனிமே அண்ணன் எந்திரிச்சுடுவார்னு பார்த்தோம். எந்திரிக்கலை. முளைச்சு ரொம்ப நாளான நோய் அது. காரணத்தைப் புடுங்கினாலும் வேர் உள்ள நிக்கும். தைரியம் சொல்றதும், "உன்னைவிடக் கஷ்டப்பட்டவன் எல்லாம் இல்லையா"ங்கிறதும் அதுக்கு மருந்தில்லை. காலு உடைஞ்சவன்கிட்ட "மனசு வச்சா நடந்துடலாம்"னு சொல்ற மாதிரிதான் அது.

வழி காட்டினது எங்க கிராம சுகாதார செவிலியர், எங்களுக்கு நர்ஸம்மா. தடுப்பூசி போட வந்தவங்ககிட்ட அண்ணி விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. "இதுக்கும் டாக்டர் இருக்காரும்மா, அரசு ஆஸ்பத்திரியிலயே பார்க்கலாம், மாத்திரையும் இலவசம்"னாங்க. அப்பத்தான் மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு இருக்கிறதே எங்களுக்குத் தெரியும். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மட்டும் உள்ளது இல்லை. அந்தத் திட்டத்து மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாள்கள்ல வட்ட மருத்துவமனைக்கும் சுகாதார நிலையத்துக்கும் வருவார். எந்தக் கிழமைன்னு நர்ஸம்மாகிட்ட கேட்டா சொல்லுவாங்க.

அண்ணன் லேசுல வரலை. "என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறியா?"ன்னார். அண்ணிதான், "மூட்டுவலிக்குப் போறோம்னு சொல்லிக்குவோம், நீங்க வாங்க"ன்னு கிளப்பினாங்க. மூணு பேரும் பஸ்ல போனோம். ஓபி சீட்டு வாங்கி பெஞ்சுல உட்கார்ந்தா, எங்களுக்கு முன்னாடி பத்துப் பன்னெண்டு பேர். அதுல ரெண்டு பேர் பக்கத்து ஊர்த் தென்னை விவசாயிங்க. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு முதல்ல தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் ஒருத்தர் மெதுவா, "உங்களுக்கு எத்தனை மரம்?"னு கேட்டார்.

டாக்டர் இளவயசுக்காரர். தூக்கம், பசி, எடை, குடி எல்லாம் விசாரிச்சார். அப்புறம் நேராக் கேட்டார்: "உயிரோட இருந்து என்ன பண்ணப்போறோம்னு தோணுதா அய்யா?" அண்ணி முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க. அண்ணன் தரையைப் பார்த்துக்கிட்டு, "தோணியிருக்குங்க"ன்னார். எனக்குக் கை நடுங்கிச்சு. வெளியில வந்ததும் டாக்டர்கிட்ட தனியாக் கேட்டேன், "அப்படிக் கேட்டா இல்லாத நினைப்பைக் கிளப்பி விட்ட மாதிரி ஆகாதுங்களா?" "ஆகாது. கேட்டா நினைப்பு வராது. ஏற்கனவே இருக்கிற நினைப்பு வெளியில வரும், வெளியில வந்தா பாதி கனம் குறையும்"னார்.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடனே கேக்காது, ரெண்டு மூணு வாரம் பொறுக்கணும், நல்லாயிடுச்சுன்னு தோணினதும் நீங்களா நிறுத்தக் கூடாது, மாசக்கணக்குல போடணும்னார். சாராயம் மாதிரி அடிமைப்படுத்துற சமாச்சாரம் இது இல்லைன்னும் விளக்கினார். கடைசியா ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல பூச்சிமருந்து இருக்கா? எங்க வச்சிருக்கீங்க?"

எங்க வீடுகள்ல அது எங்க இருக்கும்? சமையல்கட்டுப் பரண்ல, மாட்டுக்கொட்டகை எரவாணத்துல, கட்டிலுக்கு அடியில. பாதி பாட்டில் மிச்சம், அடுத்த போகத்துக்கு ஆகும்னு வச்சிருப்போம். உயிரை விடணும்கிற நினைப்பு பல பேருக்கு அலை மாதிரி வர்றது. வர்ற வேகத்துல வந்து, கொஞ்ச நேரத்துல வடிஞ்சுடும். அந்தக் கொஞ்ச நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல எதுவும் இல்லைன்னா ஆள் தப்பிச்சுடுவார்னு டாக்டர் சொன்னார். "அதை வீட்டை விட்டு வெளியேத்துங்க. அதுவும் வைத்தியம்தான்."

வந்த அன்னிக்கே அண்ணன் வீட்டு மருந்தை என் மோட்டார் கொட்டகைக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அப்புறம் ஒரு இரும்புப் பெட்டி வாங்கிச் சுவத்தோட பதிச்சுப் பூட்டுப் போட்டோம். இப்ப எங்க தெருவுல ஒன்பது குடும்பத்து மருந்து அதுலதான். தெளிக்கிற அன்னிக்கு ரெண்டு பேர் சேர்ந்து வந்து எடுத்துட்டுப் போகணும், மிச்சத்தைச் சாயங்காலமே திருப்பி வைக்கணும்னு ஒரு முறை. யார் வீட்டுல மனசு சரியில்லைன்னு இதுல தெரியாது. எல்லார் மருந்தும் இருக்கிறதால யாருக்கும் தலைக்குனிவு இல்லை.

இது நாங்க கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்லைன்னு பின்னாடி தெரிஞ்சுது. சென்னையில 1986-லேருந்து தற்கொலைத் தடுப்பு வேலை பார்க்கிற சினேகா அமைப்பை ஆரம்பிச்ச டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் இதைச் செஞ்சு பார்த்திருக்காங்க. ஊருக்குப் பொதுவா ஒரு இடம், பேங்க் லாக்கர் மாதிரி பூட்டுப் பெட்டிகள். விவசாயிங்க அதை ஏத்துக்கிட்டாங்க, பலனும் தெரிஞ்சுதுன்னு 2013-ல ஆய்வு வெளியிட்டிருக்காங்க. இலங்கையில அரசாங்கமே கடுமையான விஷமுள்ள மருந்துகளை 1995-லேருந்து ஒவ்வொண்ணாத் தடை பண்ணிக்கிட்டே வந்துச்சு. அடுத்த இருபது வருஷத்துல அங்க தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. விளைச்சல் அதனால விழுந்துடலை. இதைப் படிச்சப்ப எனக்கு ரொம்ப நேரம் யோசனையாவே இருந்துச்சு. அந்த மருந்து கைக்கு எட்டாததாலயே எத்தனை பேர் இப்பவும் அங்க காலையில எழுந்து வயலுக்குப் போய்க்கிட்டிருப்பாங்க!

இன்னொரு பயமும் எங்க பக்கம் உண்டு. யாராவது உயிரை மாய்ச்சுக்க முயற்சி பண்ணினா போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம, வீட்டுலயே வைத்தியம் பார்த்து நேரத்தை விட்டுடுவாங்க. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல வந்தாச்சு. அப்படிப்பட்டவர் கடுமையான மன அழுத்தத்துல இருந்ததாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு வைத்தியமும் மறுவாழ்வும் கொடுக்கிறது அரசாங்கத்தோட பொறுப்புன்னு அந்தச் சட்டம் சொல்லுது. இதை ஊர் ஊராத் தண்டோரா போட்டுச் சொல்லணும்.

அண்ணன் மூணாவது வாரம் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினார். மறுநாள் காலையில அண்ணி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, "தூங்குனாரு"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போனாங்க. பேரன் பிறந்த சேதி சொல்ற மாதிரி ஒரு முகம். அதுக்கப்புறம் மெதுவா மெதுவாத்தான். ஒரு நாள் தோப்புக்குப் போய் அந்தப் பதினோரு மரத்துக்கும் பாத்தி கட்டினார். ஒரு நாள் டீக்கடைக்கு வந்தார். மாத்திரை ஒன்பது மாசம் போட்டார். டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தினார். புதுசா வச்ச குட்டை ரகக் கன்னு இப்ப காய்க்குது. ஆனா முழுசாத் தீர்ந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஐப்பசி கார்த்திகையில காத்து கொஞ்சம் ஓங்கி அடிச்சா அவருக்கு அன்னிக்குத் தூக்கம் போயிடும். அந்த மாதிரி ராத்திரி நாங்க ரெண்டு மூணு பேர் பாயை எடுத்துட்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போயிடுவோம். தூங்காமக் கிடக்கிறதை நாலு பேராப் பங்கு போட்டுக்கிட்டா விடியறது சீக்கிரமா இருக்கு.

இதுலேருந்து எங்களுக்குப் புரிஞ்சது, பேசுறதுக்கு ஒரு இடம் வேணும். பெண்களுக்கு இன்னமும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கு. நூறு நாள் வேலை, மகளிர் குழுக் கூட்டம், கீத்து முடையுற கொட்டகை. வேலையோட வேலையா அழுதுக்கவும் செய்வாங்க, சிரிச்சுக்கவும் செய்வாங்க. ஆம்பளைங்களுக்கு முன்னாடி களத்துமேடு இருந்துச்சு. ராத்திரி நெல்லுக்குக் காவல் படுக்கிறப்ப பேசாத பேச்சு கிடையாது. அறுப்பு மெஷின் வந்ததும் களம் போச்சு. வீட்டைப் புதுசாக் கட்டினதும் திண்ணை போச்சு. மிச்சம் இருந்தது டாஸ்மாக் மட்டும்தான். அங்க பேச்சு வரும், ஆனா மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தூக்கம் வரலைன்னு குடிக்கிறவங்களுக்குத் தெரியறதில்லை, குடிதான் தூக்கத்தை இன்னும் கெடுக்கும்னு.

அதனால சாயங்காலம் ஆறரைக்கு மோட்டார் கொட்டகை வாசல்ல உட்காருறதுன்னு ஒரு பழக்கம் வச்சோம். கூட்டம், சங்கம்னு பேரெல்லாம் வைக்கலை. பேர் வச்சா எவனும் வர மாட்டான். தேங்காய் விலை, வெள்ளை ஈ, பேரன் படிப்பு, அரசியல்னு பேச்சு போகும். குடிச்சுட்டு வரக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஒருத்தன் ரெண்டு நாள் வரலைன்னா மூணாவது நாள் ஒருத்தர் அவன் வீட்டுக்குப் போகணும். போய் புத்தி சொல்லக் கூடாது. "தூங்கினியா?"ன்னு கேட்டுட்டுப் பக்கத்துல உட்காரணும். அவ்வளவு போதும்.

சாமியைப் பத்தியும் சொல்லிடறேன். எங்க பக்கம் மனசு ரொம்பக் கலங்கினவங்களைக் குணசீலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் 48 நாள் தங்க வைக்கிறது ரொம்ப நாள் வழக்கம். ஏர்வாடி தர்காவுக்கும் எல்லா மதத்துக்காரங்களும் போவாங்க. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேர் ஓட முடியாமலே போயிட்டாங்க. அதை மறக்க முடியாது. அதுக்கப்புறம்தான் சங்கிலி கூடாதுன்னு அரசாங்கம் கண்டிப்பு காட்டுச்சு. பின்னாடி தர்காவிலேயே மருந்தும் துவாவும் சேர்ந்து நடக்குற மாதிரி ஏற்பாடும் வந்துச்சு. எனக்கு அதுதான் சரின்னு படுது. அண்ணிகூட அண்ணனுக்காகக் குணசீலத்துக்கு வேண்டிக்கிட்டு, குணமானதும் போய் மொட்டை போட்டுட்டு வந்தாங்க. மாத்திரையையும் ஒரு வேளைகூட விடலை. சாமி கோவிச்சுக்கலை, டாக்டரும் கோவிச்சுக்கலை.

இப்ப பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊர்ல பாதி வீட்டுல வயசானவங்க மட்டும்தான் இருக்காங்க. பிள்ளைங்க திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். நீங்க நல்ல பிள்ளைங்கதான். தினம் போன் பண்றீங்க, "சாப்பிட்டீங்களா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா"ன்னு கேக்குறீங்க. அவங்களும் "ஆச்சுப்பா, நீ நல்லா இரு"ன்னு வச்சுடறாங்க. வச்சுட்டு அந்தப் போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதை நாங்கதான் பார்க்கிறோம். இன்னொரு கேள்வி சேர்த்துக் கேளுங்க. "நேத்து ராத்திரி தூங்கினீங்களாப்பா?" பதில் வர நேரம் ஆகும். போனை வைக்காம இருங்க. "ஏதோ தூங்குனேன்"னு இழுத்தா, "எத்தனை மணிக்கு முழிப்பு வந்துச்சு, முழிச்சு என்ன யோசிச்சீங்க"ன்னு கேளுங்க. தொடர்ந்து ரெண்டு வாரம் தூக்கமும் பசியும் சரியில்லை, தோப்புப் பக்கம் போகலை, பேச்சு குறைஞ்சுபோச்சுன்னா, லீவு போட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போங்க. சுகருக்கும் பிரஷருக்கும் கூட்டிக்கிட்டுப் போற மாதிரிதான் இதுவும்.

வர முடியலைன்னா 14416-னு ஒரு நம்பர் இருக்கு. 2022 அக்டோபர்லேருந்து நடக்குது. நம்ம அரசாங்கம் அதுக்கு 'நட்புடன் உங்களோடு'ன்னு பேர் வச்சிருக்கு. ராத்திரி பகல் எப்ப அடிச்சாலும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. 104-க்கும் அடிக்கலாம். எங்க கொட்டகைச் சுவத்துல, தேங்காய் வியாபாரி நம்பருக்கும் லைன்மேன் நம்பருக்கும் நடுவுல 14416-ஐ சுண்ணாம்பால எழுதி வச்சிருக்கோம். தனியா எழுதி வச்சா பார்க்கவே கூச்சப்படுவாங்க. வியாபாரி நம்பரைப் பார்க்கிற சாக்குல இதையும் பார்த்துக்கலாம் இல்லையா?

அந்த நம்பரை யார் யார் அடிச்சாங்கன்னு எங்களுக்குத் தெரியாது, கேட்கிறதும் இல்லை. போன மாசம் மழையில சுவர் ஊறி எழுத்து அழிஞ்சுபோச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா, யாரோ வந்து மறுபடி எழுதிட்டுப் போயிருக்காங்க. இந்தத் தடவை பெயிண்ட்ல.